ஆழமும் வழியுரிமையும்

கடலில் எதிர்ப்படும் இரு கலங்களுள் எது விலகுதல் வேண்டும் என்னும் வினாவிற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கண்ட விடை எளியது. காற்றை நம்பிய பாய்க்கப்பலுக்கு நீராவிக் கப்பல் வழிவிடுதல் வேண்டும். 1863இல் பிரித்தானியாவும் பிரான்சும் ஏற்றுக்கொண்ட விதிகளில் இடம்பெற்ற இக்கொள்கை, வலிமையுடையதே விலகும் ஆற்றலும் உடையது என்னும் எண்ணத்தின்பாற்பட்டது. 1960ஆம் ஆண்டு விதிகள் ஒடுங்கிய கால்வாய்களில் மட்டும் இதற்குச் சிறு விலக்கு அளித்தன. அகன்ற நீரிணையிலும் பெருங்கப்பலொன்று விலக வழியற்றுப் போகலாம் என்பதை அவை கருதவில்லை.

அந்நிலையைத் தோற்றுவித்தது எண்ணெய் வாணிபமே. 1967 யூன் போரினால் மூடப்பட்ட சுயஸ் கால்வாய் 1975 வரை திறக்கப்படவில்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றும் நெடும்பயணத்திற்குப் பெருங்கப்பலே சிக்கனமானது. ஆதலின், முன்னரே தொடங்கியிருந்த இராட்சதத் தாங்கிகளின் பெருக்கம் விரைவுபெற்றது. இரண்டு இலட்சம் தொன் சுமக்கும் கப்பலொன்று நிறைசுமையுடன் ஏறத்தாழ 20 மீற்றர் நீருள் அமிழும். மலாக்கா நீரிணையிலோ சிற்சில இடங்களில் ஆழம் 25 மீற்றர் அளவினதே. கரைகள் தொலைவில் இருப்பினும், இத்தகைய கப்பலுக்குரிய பாதை ஒடுங்கியதே.

1972 ஒக்டோபரில் இலண்டனில் உருவாகி 1977 யூலையில் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகள், 'ஆழத்தாற் கட்டுண்ட கலம்' என்னும் புதிய வகையொன்றை வகுத்தன. அக்கலம் இரவில் மேல்கீழாக மூன்று செவ்விளக்குகளையும், பகலில் உருளையொன்றையும் காட்டலாம். காட்டவேண்டும் என்பதன்று, காட்டலாம் என்பதே விதி. அதன் பாதுகாப்பான செல்கைக்கு, இயன்றவரை, பாய்க்கலமும் மீன்பிடிக் கலமுங்கூடத் தடையாதல் ஆகாது. நூறாண்டு கடந்த ஒழுங்கு இங்கே தலைகீழாயிற்று: பேருருவே இயலாமையாகக் கொள்ளப்பட்டது. அவ்வுருவை விரும்பிக் கட்டியோர் கப்பலுடைமையாளரே. ஒதுங்கும் பொறுப்பின் ஒரு பங்கோ வலைவீசுவோர்மீது விழுந்தது.

ஆயினும் அச்சம் வெற்றச்சமன்று. இவ்விதிகள் நடைமுறைக்கு வருமுன்னர், 1975 சனவரியில், 'ஷோவா மாறு' என்னும் யப்பானியத் தாங்கி சிங்கப்பூர் அருகே தரைதட்டி எண்ணெயைச் சிந்தியது. கரையோர நாடுகளான இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் முயற்சியால் 1977இல் ஏற்கப்பட்டு 1981இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு, கப்பலின் அடிக்கும் கடற்றரைக்கும் இடையே குறைந்தது 3.5 மீற்றர் நீர் இருத்தல் வேண்டுமென விதித்தது. மீனவரை ஒதுங்கச் சொன்ன விதியினும், கப்பலையே கட்டுப்படுத்திய இவ்வேற்பாடு நியாயமானது எனலாம்.

'தடையாகாதிருத்தல்' என்பதன் பொருள் குறித்து எழுந்த ஐயத்தை 1987ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவுபடுத்தியது. 1989 நொவெம்பரில் நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்தின்படி, சிறுகலம் உரிய வேளையில் ஒதுங்கத் தவறினும், மோதல் நேரும் நிலையில் ஆழ்கலத்தின் கடமைகள் குறைவதில்லை. ஆழத்தோடு நீர்ப்பரப்பின் அகலமும் வரைவிலக்கணத்திற் சேர்க்கப்பட்டது அப்போதே.