கரையாத முதல்: ஒரு வினையூக்கியின் வரலாறு

வினையூக்கி என்பது வியாபாரத்தில் போட்ட முதலைப் போன்றது. அது வினையை வேகப்படுத்தும், தான் செலவாகாது. ஆனால் ஏட்டில் உள்ள இந்த விதி ஆலைக்குள் பல நேரம் பொய்த்துப் போகிறது. காரணம், பல உலோக அணைவுச் சேர்மங்கள் திரவத்தில் கரைந்து நின்றுதான் வேலை செய்கின்றன. குழம்பில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா? அதுபோல விலையுயர்ந்த உலோகமும் விளைபொருளோடு கலந்துவிடும். முதல் செலவாகிவிடும்!

இதற்கு நல்ல உதாரணம் ஆஸ்மியம். அமெரிக்க வேதியியலாளர் பாரி ஷார்ப்லெஸ் 1980-களில் இதைக் கொண்டு ஒரு முறையை உருவாக்கினார். வலக்கை, இடக்கை போன்ற இரு வடிவ மூலக்கூறுகளில் வேண்டியதை மட்டும் மிகுதியாகத் தருவது அதன் சிறப்பு. மருந்துத் தயாரிப்புக்கு இது முக்கியம். அதற்கு உதவும் துணைப்பொருள், நம் நீலகிரியில் 1860-களில் பயிரிடத் தொடங்கிய சின்கோனா மரப்பட்டையின் சேர்மங்களிலிருந்து வருவது. 2001-இல் ஷார்ப்லெஸ் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் ஆஸ்மியம் விலை கூடியது. அதன் டெட்ராக்சைடோ எளிதில் ஆவியாகிக் கண்ணைக் கெடுக்கும் நஞ்சு.

அதே 2001-இல் ஹைதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தின் பி. எம். சௌத்ரி, எம். லட்சுமி காந்தம் குழுவினர் ஒரு வழி கண்டனர். மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த அடுக்கு ஹைட்ராக்சைடு, புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்காக இருக்கும். தாள்களில் நேர்மின் சுமை இருப்பதால் எதிர்மின் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் ஆஸ்மேட் அயனியை ஏற்றினார்கள். வினை முடிந்ததும் வடிகட்டினால் போதும், வினையூக்கி மறுபடியும் தயார்.

கதை அங்கே முடியவில்லை. பொட்டாசியம் ஃபெரிசயனைடு, ஆக்சிஜன் போன்ற வேறு ஆக்சிஜனேற்றிகளைப் பயன்படுத்தியபோது அது செயலிழந்தது. கரைசலில் இருந்த மற்ற எதிர்மின் அயனிகள் ஆஸ்மேட்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பிடித்து வைத்த அதே மின்கவர்ச்சிதான் கைவிடவும் செய்தது.

குழுவினர் சோர்ந்துவிடவில்லை. அடுத்து அயனி மாற்றும் பிசினில் ஆஸ்மேட்டை ஏற்றினார்கள். தாம்பரம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளில் போர் தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவிகளில் இருப்பதும் இதே இனத்துப் பிசின்தான். இந்தப் பிசின் மூன்று வகை ஆக்சிஜனேற்றிகளுக்கும் ஈடுகொடுத்ததை 2002-இல் வெளியிட்டனர்.

முதலைப் போடுவது மட்டும் வியாபாரம் அல்ல; அது எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதும் வியாபாரம்தான். வேதியியலுக்கும் இது பொருந்தும்.