ஷானிகன் ஏரி வன ஆராய்ச்சி

ஷானிகன் ஏரி வன ஆராய்ச்சி: கனடாவின் வான்கூவர் தீவில், சாரமற்ற மண்ணில் வளர்ந்த 24 வயது டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரக்காட்டில், நெருக்கத்தைக் களைவதும் உரமிடுவதும் நெடுங்காலத்தில் நல்கும் பலனை அறியும் பொருட்டு 1970இல் ஆரம்பிக்கப்பட்ட பரிசோதனை. மரத்தொகுதியின் அடிப்பரப்பில், அதாவது அடிமரங்களின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பில், சிலவிடங்களில் மூன்றில் ஒரு பங்கும், வேறு சிலவிடங்களில் இரு பங்கும் வெட்டி நீக்கப்பட்டன. ஹெக்டேருக்கு 224 அல்லது 448 கிலோ நைட்ரஜன் யூரியாவாக இடப்பட்டது. உரத்தால் ஊசியிலைகள் பெருகிக் கரும்பசுமை கொள்ள, மரம் துரிதமாகப் பருப்பினும், அவ்வேகம் சில ஆண்டுகளில் தணிந்துவிடுகிறது. நெருக்கம் நீங்கிய இடத்திலோ, ஒளியும் நீரும் தாராளமாகப் பெற்ற விருட்சம், கீழ்க்கிளைகளை உயிரோடு காத்து, அடிமரத்தில் அகன்ற வளையங்களை ஆண்டுதோறும் பதித்துச் செல்கிறது. இரண்டும் இணைந்த இடத்திலேயே தனிமரத்தின் வளர்ச்சி அதிகம்.