கழிவில் பொன் எடுத்தோர்



பொன்னின் வரலாறு என்றவுடன் அரசர்களின் கருவூலமும் ஆழமான சுரங்கமும் நம் நினைவுக்கு வருகின்றன. பிறர் கூட்டித் தள்ளிய குப்பையிலிருந்து பொன்னை மீட்டெடுத்த எளிய மக்களைப் பற்றி எவரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்களுடைய கதையை இன்று சொல்லலாம் என்று எண்ணுகின்றேன். நான் தாராபுரத்தில் பிறந்தவன். அங்கேயே முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆதலின் எங்கள் தெருவிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தொடக்கப்பள்ளியில் பயின்ற காலத்தில், எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு பொற்கொல்லரின் பட்டறை இருந்தது. அப்பெரியவர் மாலையில் வேலை முடிந்ததும் தரையைத் தாமே பெருக்குவார். அந்த மண்ணை வெளியே கொட்டமாட்டார். கை கழுவிய நீரையும் ஒரு தாழியில் ஊற்றி வைப்பார். குமுட்டி அடுப்பின் சாம்பல், உடைந்த மூசை, தேய்ந்த அரத்தின் பொடி, பழைய கந்தல் ஆகிய அனைத்தும் ஒரு மூலையில் சேரும். ஆண்டுக்கு ஒரு முறை கணவனும் மனைவியுமாக இருவர் வருவர். அந்தக் குப்பையைக் கையில் அள்ளிப் பார்த்து விலை பேசுவர். பேச்சு அரை நாள் நீளும். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு அமராவதிக் கரைக்குப் போவர். அவர்களை ஊரார் அரிப்புக்காரர் என்றனர்.

கந்தலையும் கரியையும் முதலில் எரித்துச் சாம்பலாக்குவர். அதை இடித்துச் சலித்து, மரத்தாலான தட்டில் இட்டு நீரில் அலைப்பர். மண் இலேசானது, நீரோடு போய்விடும். பொன் கனமானது, அடியில் தங்கும். கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிப்பதற்குப் பாதரசத்தை ஊற்றிப் பிசைவர். பொன்னைக் கண்டால் பாதரசம் விடாது, பற்றிக்கொள்ளும். அதைத் துணியில் இட்டுப் பிழிந்தால் மிகுதியான ரசம் வெளியேறும். எஞ்சிய உருண்டையைத் தீயில் காய்ச்சினால் ரசம் ஆவியாகிப் போய்விடப் பொன் நிற்கும். அந்த அம்மையார் உருண்டையைக் காய்ச்சும்போது சிறுவர்களாகிய எங்களை அருகில் விடமாட்டார். நாங்கள் பொன்னைத் திருடிவிடுவோம் என்று அஞ்சுகிறார் போலும் என நான் அப்போது நினைத்தேன். ரச ஆவி மூளையையும் நரம்பையும் கெடுக்கும் என்பதை ஆசிரியப் பயிற்சிக்குச் சென்ற பிறகுதான் படித்தறிந்தேன். எங்களை விரட்டிய அவர், தாம் மட்டும் அந்த அடுப்பின் அருகிலேயே அமர்ந்திருந்தார்.

இத்தொழில் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. பொன் வேலை மிகுந்த கோயம்புத்தூரில், பெரிய கடை வீதியைச் சூழ்ந்த பகுதிகளில், விடியுமுன்னே தெருவைக் கூட்டிச் சாக்கடை மண்ணை அள்ளி அலசிப் பொன் துகள் எடுத்துப் பிழைத்தவர் பலர். பட்டறைக்காரரின் கால் தூசியிலும் காசு உண்டு என்று கண்டவர்கள் அவர்கள். எங்கள் அமராவதி ஆறு கீழே கரூரை அடையுமிடத்தில் இதன் வேறொரு வடிவத்தைக் காணலாம். அங்கே ஆற்று மணலை அரித்தவர்களின் கையில் ரோமானியக் காசுகளும், மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் பெயர்கள் பொறித்த சேரர் காசுகளும் அகப்பட்டன. சேரர் வரலாற்றில் அறிஞர்கள் எழுதிய சில பக்கங்களுக்கு அடிப்படை, பெயர் தெரியாத ஓர் அரிப்புக்காரரின் சல்லடை என்று சொன்னால் மிகையாகாது.

பழைய பட்டுச் சேலை வாங்க வருபவரையும் இங்கே மறக்கலாகாது. நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. தாயின் கூறைச் சேலை கிழிந்த பிறகு, அதன் கரையை எரித்தால் வெள்ளி மிஞ்சும். எத்தனையோ குடும்பங்களில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அந்தச் சாம்பலிலிருந்து வந்திருக்கிறது.

நீரும் நெருப்பும் ரசமும் செய்த வேலையை, பிற்காலத்தில் திராவகம் எளிதாக்கியது. நைட்ரிக் அமிலம் வெள்ளியையும் செம்பையும் கரைக்கும், பொன்னைத் தொடாது. மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு ஒரு பங்கு நைட்ரிக் அமிலம் சேர்ந்தால் பொன்னும் கரையும்; அதனால் அதற்கு இராச திராவகம் என்று பெயர். 1940-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படை கோபன்ஹேகன் நகருக்குள் புகுந்தபோது, ஹெவெஷி என்னும் விஞ்ஞானி, இரண்டு அறிஞர்களின் நோபல் பதக்கங்களை இராச திராவகத்தில் கரைத்து, அந்தப் புட்டியை ஆய்வுக்கூடத்து அலமாரியிலேயே வைத்துவிட்டார். வந்த படையினர் அதனை ஏறிட்டும் பார்க்கவில்லை. போர் முடிந்தபின் அந்த நீரிலிருந்து பொன்னை மீட்டுப் பதக்கங்களை மீண்டும் வார்த்தனர். இந்தக் கதையை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லிவந்தேன். மாணவர்கள் கைதட்டுவார்கள். அதனால் நேர்ந்த ஒன்றைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி நம் காலத்துக் குப்பைக்கு வருவோம். கணிப்பொறி, செல்பேசி முதலிய கருவிகளுக்குள் பொன் ஏன் வந்தது? செம்பு களிம்பேறும், வெள்ளி கறுக்கும், பொன் எத்தனை ஆண்டானாலும் மாறாது. மின்சாரம் தடையின்றிச் செல்ல வேண்டிய முனைகளில் மெல்லிய பொன் பூச்சு இடுவது அதனாலேயே. ஒரு செல்பேசியில் ஏறத்தாழ 0.03 கிராம் இருக்கலாம் என்பது பலரும் கூறும் கணக்கு. நூறு கிராம் எடையுள்ள செல்பேசி பத்தாயிரம் சேர்ந்தால் ஒரு டன். அதில் முந்நூறு கிராம் பொன் இருக்க வேண்டும். இதனோடு கோலாரை ஒப்பிடுங்கள். 1880-இல் ஆங்கிலக் கம்பெனி தொடங்கி, வட ஆர்க்காட்டுத் தமிழர் பல்லாயிரவர் தம் உழைப்பையும் உயிரையும் கொட்டித் தோண்டிய சுரங்கம் அது. 2001 பிப்ரவரியில் அதை மூடும் காலத்தில், ஒரு டன் பாறையில் கிடைத்தது சுமார் மூன்று கிராமே. அங்கே சயனைடு கலந்த கழிவு மண் இன்றும் மேடு மேடாகக் கிடக்கிறது. அந்த மேடுகளையே மீண்டும் அரித்துப் பொன் எடுக்க 2024-இல் கர்நாடக அரசு இசைவு தந்தது. அரிப்புத் தொழிலுக்கு முடிவே இல்லை போலும்!

2022-ஆம் ஆண்டில் உலகம் கழித்த மின்னணுப் பொருள்கள் 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறைப்படி திரட்டப்பட்டது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவற்றுள் ஒரு பகுதி தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில், திறந்த வெளியில், வெறுங்கையால் உடைத்து எரிக்கப்படுகிறது. நம் நாட்டில் இதற்கென்று தனி விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடக்கின்றன. பதிவு பெற்ற ஆலைகளே இத்தொழிலைச் செய்யலாம் என்பது அவற்றின் சாரம். பெங்களூருக்கு அருகே தாபஸ்பேட்டையில் 2005-லேயே அத்தகைய ஆலை ஒன்று தொடங்கிவிட்டது. விதிகளின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. எனினும் 1963-ஆம் ஆண்டு என் நினைவுக்கு வருகிறது. சீனப் போரை அடுத்து, பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட தரத்தில் புதிய நகை செய்யலாகாது என்று அரசு விதித்தது. அதன் நோக்கமும் நல்லதே. ஆனால் பொற்கொல்லர்கள் வேலையின்றித் தவித்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. எங்கள் தெருப் பெரியவர் அந்த ஆண்டுகளில் பட்டறையைப் பூட்டிவிட்டு வயல் வேலைக்குச் சென்றதாக என் தந்தையார் சொல்வார். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் நீக்கப்பட்டபோது அவர் இல்லை. கையால் தொழில் செய்பவனுக்கு மாற்று வழி காட்டாமல் எழுதப்படும் விதி, அவனைத் தொழிலை விட்டு விலக்குவதில்லை; மறைவிடத்துக்குத்தான் துரத்துகிறது.

இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவனைச் சந்தையில் கண்டேன். அவனுடைய விரல்கள் மஞ்சளாக இருந்தன. நைட்ரிக் அமிலம் பட்டால் தோல் அந்த நிறம் கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில், பழைய கணிப்பொறிப் பலகைகளை வாங்கி, திராவகத்தில் இட்டுப் பொன் எடுத்துக்கொண்டிருந்தான்.

“உனக்கு யாரப்பா கற்றுக்கொடுத்தது?” என்றேன்.

“நீங்கதானுங்க ஐயா, மூணுக்கு ஒண்ணுன்னு எட்டாம் வகுப்புல சொல்லிக் குடுத்தீங்க” என்றான். அவன் என்னைக் குறை சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னான்.

பங்கு எவ்வளவு என்று சொன்னேன். எழும் பழுப்புப் புகை நுரையீரலை அரிக்கும் என்று சொன்னேனா? நினைவில்லை. கைதட்டல் மட்டும் நினைவிருக்கிறது. அந்த அம்மையாராவது எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

அவன் இரவில் இருமுவதாக அவன் மனைவி பின்னர்க் கூறினார். நானும் இரண்டொரு முறை போய்ப் பேசினேன். இப்போது அவன் திராவகத்தைத் தொடுவதில்லை. திருப்புளி கொண்டு கருவிகளைக் கழற்றி, பலகைகளைத் தனியே கட்டி, பதிவு பெற்ற ஆலைக்கு அனுப்பும் வணிகரிடம் எடைக்குக் கொடுத்துவிடுகிறான். வருவாய் பாதியாகிவிட்டது என்கிறான், பொய்யில்லை. ஆலைக்கு அவனே நேராகக் கொடுக்கலாமே என்று கேட்டேன். அதற்கு வேண்டிய தாள்களை அவனுக்கு எழுதித் தருவாரில்லை. அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்; இன்னும் முடியவில்லை.

கொட்டகைக்குப் பின்னால், கழிந்த திராவகத்தை அவன் ஊற்றிவந்த இடத்தில், சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகும் புல் முளைக்கவில்லை. அங்கிருந்து அமராவதி ஒரு கூப்பிடு தொலைவு.