எக்ஸ்ரே கற்றுத்தந்த இயல்பான உடல்

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு ஜனவரி 23 அன்று அதே ஊரில் உரையாற்றியபோது, அவையில் இருந்த ஆல்பர்ட் ஃபான் கோலிக்கரின் கையைப் படம் பிடித்துக் காட்டினார். கோலிக்கர் 78 வயது உடற்கூறியல் பேராசிரியர். காலமெல்லாம் பிணத்தை அறுத்து எலும்பைக் கண்டவர், கத்தி படாமல் தம் கையெலும்பையே பார்த்தார். அந்தக் கதிருக்கு ராண்ட்கனின் பெயரையே வைக்கலாம் என்று முன்மொழிந்தவரும் அவர்தான்.

எலும்பு எப்படி இருக்கும் என்பது பிணத்தை அறுத்தவர்களுக்கு முன்பே தெரியும். வயிற்றின் கதை வேறு. பாடநூல்களில் இருந்த இரைப்பை, மேசையில் கிடத்திய பிணத்தின் இரைப்பை. 1904இல் மியூனிக்கின் ஹெர்மன் ரீடர், கஞ்சியில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்துப் படம் எடுத்தார். உயிருள்ளவர் எழுந்து நின்றால் இரைப்பை நீண்டு தொங்குவது அதில் தெரிந்தது. பலருக்கு அதன் அடிப்பகுதி தொப்புளுக்கும் கீழே இறங்கியிருந்தது.

அந்நாளில் இதற்கு ‘இறங்கிய வயிறு’ என்று நோய்ப்பெயர் சூட்டி, இரைப்பையை மேலே தூக்கித் தைத்த அறுவை மருத்துவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் உடற்கூறியலாளர் ராபர்ட் மூடி 1920களில் நோயற்ற நூற்றுக்கணக்கானோரைப் படம் எடுத்துப் பார்த்தார். நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களிலும் இரைப்பை அப்படித் தாழ்ந்திருப்பது சகஜம் என்று தெரிந்தது. நலமாக இருப்பவரைப் படம் எடுக்காமல் நோயாளியை மட்டும் பார்த்ததால் எத்தனையோ பேர் வீணாகக் கத்திக்கு ஆளானார்கள்.

இயல்பு எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்பதற்கென்றே வீஸ்பாடனின் ஆல்பன் கோலர் 1910இல் ஒரு நூல் எழுதினார். எடுத்துக்காட்டாக, கணுக்காலின் பின்புறம் சிலருக்கு ஒரு சிறு உபரி எலும்பு இருக்கும். படத்தில் உடைந்த துண்டு போலவே தோன்றும். விளிம்பு வழவழப்பாக, சுற்றிலும் மெல்லிய வெண்கோட்டோடு இருந்தால் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தது. கரடுமுரடாக, அந்தக் கோடு இல்லாமல் இருந்தால் முறிவைச் சந்தேகிக்க வேண்டும்.

குழந்தைகளின் இயல்போ வயதுக்கு வயது மாறும். பிறந்த குழந்தையின் மணிக்கட்டுப் படத்தில் பொதுவாக எலும்பே தெரியாது. எல்லாம் இன்னும் குருத்தெலும்பு. 8 எலும்புகளும் ஒவ்வொன்றாகத் தோன்றிமுடிய ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும். இந்த வரிசையைக் காட்டும் க்ரூலிக், பைல் இருவரின் படத்தொகுப்பு 1950இல் வந்தது. அதில் இருந்தவர்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த வசதியான வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களின் வளர்ச்சியை உலகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அளவுகோலாக வைத்தது சரியல்ல.

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் இருந்த ஒரு மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டு என்பவர் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் மூளையைக் குறுக்கு வெட்டாகக் காட்டியது. அதன்பின் மாணவர்கள் உடலைத் துண்டம் துண்டமாக, காலடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கப் பழகினார்கள். நோயாளியின் வலப்பக்கம் படத்தில் இடப்புறம் வரும். 1994இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் தானமாக வந்த ஓர் ஆணுடலின் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களையும், அதே உடலை உறையவைத்து 1 மி.மீ. இடைவெளியில் சீவி எடுத்த 1,871 வண்ணப் படங்களையும் வெளியிட்டது. மறு ஆண்டு 0.33 மி.மீ. இடைவெளியில் ஒரு பெண்ணுடல் வந்தது. சாம்பல் நிற ஸ்கேன் படத்தில் தெரியும் ஒவ்வோர் உறுப்பையும் அதே உடலின் வண்ணப் படத்தோடு பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க அவற்றால் முடிந்தது.