ஹிமேஜி கோட்டை

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், ஹிமேஜி நகரின் நடுவே ஹிமேயாமா என்னும் சிறு குன்றின்மேல் அமைந்த கோட்டை. சாமுராய்க் காலத்துத் தலைமைக் கோபுரம் இடிபடாமல் தப்பிய கோட்டைகள் அந்நாட்டில் 12 மட்டுமே. அவற்றுள் மிகப் பெரியது இது. வெள்ளைச் சுவர்களும் அடுக்கடுக்கான கூரைகளும் சிறகு விரித்த கொக்கைப் போலத் தெரிவதால் வெண்கொக்கு என்ற பொருளில் 'ஷிராசாகி'க் கோட்டை என்றும் அழைப்பர்.

குன்றின்மேல் முதல் அரணை 1333இல் எழுப்பியவர் அகாமாட்சு நொரிமுரா. பின்னர் அது குரோடா குடும்பத்தின் கைக்கு வந்தது. 1580இல் குரோடா யோஷிதாகா தன் கோட்டையை ஹிதெயோஷிக்கே விட்டுக்கொடுத்தார். பிற்பாடு ஜப்பான் முழுவதையும் தன் குடைக்கீழ் கொண்டுவந்த ஹிதெயோஷி, இங்கே மூன்றடுக்குக் கோபுரம் ஒன்றைக் கட்டினார். இன்று நாம் காண்பது அதுவன்று. 1600இல் செகிகஹாராப் போரில் வென்ற தொகுகாவா இயெயாசு, மேற்குப் பகுதிப் பிரபுக்கள்மீது ஒரு கண் வைத்திருக்க நம்பகமான ஆளை நிறுத்த விரும்பினார். தன் மருமகன் இகெதா தெருமாசாவையே அனுப்பினார். பழையதை இடித்துவிட்டு, 1601 முதல் 1609 வரை எட்டாண்டு உழைப்பில் இகெதா எழுப்பியதே இன்றுள்ள கோபுரம். கல் அடித்தளத்தையும் சேர்த்து அதன் உயரம் 46.4 மீட்டர். வெளியிலிருந்து ஐந்து அடுக்காகத் தெரியும். உள்ளே ஆறு தளங்கள், அடியில் ஒரு நிலவறை. இரண்டு பெருந்தூண்கள் அடியிலிருந்து உச்சித் தளம்வரை ஊடுருவி நின்று பாரத்தைத் தாங்குகின்றன.

வெள்ளை நிறம் அழகுக்காக மட்டும் பூசப்பட்டதன்று. நீற்றிய சுண்ணாம்பு, கிளிஞ்சல் சாம்பல், சணல்நார், கடற்பாசியைக் காய்ச்சிய பசை ஆகியவற்றைக் குழைத்த சாந்து அது. மரக்கட்டடத்துக்குத் தீயே முதல் எதிரி என்பதால் சுவரோடு நிற்காமல் கூரை ஓடுகளின் இணைப்புகள்வரை அதைப் பூசினார்கள். சுவரெங்கும் வட்டம், முக்கோணம், சதுரம், நீள்சதுரம் எனத் துளைகள் உண்டு. நீண்டவை அம்புக்கு, மற்றவை துப்பாக்கிக்கு. பழந்தமிழில் ஏப்புழை என்ற சொல் இத்தகைய துளைக்கென்றே இருக்கிறது. மூலைகளில் பிதுங்கி நிற்கும் பொந்துகள் வழியாகக் கீழிருந்து ஏறி வருபவர்மீது கல்லை உருட்டலாம். கோபுரத்துக்குச் செல்லும் வழியும் ஒரு பொறிதான். ஹிஷி வாயிலைத் தாண்டியதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும் கோபுரம், பாதை வளைய வளைய விலகிப் போகும். ஓரிடத்தில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். இத்தனை தந்திரமும் ஒருநாளும் சோதித்துப் பார்க்கப்படவில்லை. கட்டி முடித்தபின் இக்கோட்டை போர் எதையும் காணவில்லை.

மேற்கு வளாகம் 1617இல் வந்த ஹோண்டா குடும்பத்தாருடையது. இயெயாசுவின் பேத்தி சென்ஹிமே சிறுவயதில் ஹிதெயோஷியின் மகனுக்கு மணமுடிக்கப்பட்டவள். 1615இல் தாத்தாவின் படையே ஒசாகாக் கோட்டையை எரித்தபோது கணவன் மாண்டான், அவள் மீட்கப்பட்டாள். பிறகு ஹோண்டா தாதாதொக்கியை மணந்து ஹிமேஜிக்கு வந்தாள். அவளுக்கென அமைந்த 'ஒப்பனைக் கோபுரம்' இன்றும் இருக்கிறது. 1626இல் இரண்டாம் கணவனும் இறக்க, அவள் எடோவுக்குத் திரும்பினாள்.

தலைமைத் தச்சர் சகுராய் கென்பேயைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. வேலை முடிந்ததும் மனைவியை மேலே அழைத்துப்போய்க் காட்டினாராம். அழகுதான், ஆனால் சற்றே தென்கிழக்கில் சாய்ந்திருக்கிறதே என்றாளாம் அவள். தச்சறியாத பெண் கண்ணுக்கே குறை தெரிகிறதே என்று மனமுடைந்து, உளியை வாயில் கவ்வியபடி அவர் கீழே குதித்துவிட்டாராம். கதை எப்படியோ, சாய்வு மெய். 1956 முதல் 1964 வரை கோபுரத்தை ஒவ்வொரு மரமாகக் கழற்றிப் புதுப்பித்தபோது, பாரம் தாங்காமல் அடித்தளம் அமிழ்ந்ததே காரணம் எனத் தெரிந்தது. தச்சர்மேல் குற்றமில்லை. அப்போது அடியில் காங்கிரீட் தளம் போடப்பட்டது. மண்ணுக்குள் ஹிதெயோஷி காலத்து அடித்தளமும் அகப்பட்டது. இற்றுப்போன மேற்குத் தூணுக்கு மாற்றாகக் கொண்டுவந்த நெடுமரம் வழியில் முறிந்துவிட்டதால் இரண்டு மரங்களை இணைத்து நிறுத்தினார்கள்.

இந்தப் புதுப்பிப்புக்கு முன்பே கோட்டை இருமுறை அழிவின் விளிம்புக்குப் போய்வந்தது. 1871இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டபின் கோட்டைகள் வேண்டாச் சுமையாயின. 23 யென் 50 சென்னுக்கு ஹிமேஜி ஏலம் போனதாகவும், இடிக்கும் செலவு அதைவிட மிகுதி என்பதால் வாங்கியவர் கைவிட்டதாகவும் சொல்வார்கள். இராணுவம் கீழ்வளாகத்துக் கட்டடங்களை இடித்துப் பாசறை அமைத்தது. நகாமுரா ஷிகெதோ என்ற கர்னல் 1878இல் மேலிடத்துக்கு விண்ணப்பித்ததே கோபுரத்தைக் காத்தது. ஹிஷி வாயிலுக்கு உட்புறம் அவருக்கு நினைவுக்கல் உண்டு. இரண்டாம் முறை, 1945 ஜூலை. வெள்ளைச் சுவர் குண்டுவீச்சு விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்று கருநிற வலைகளால் மூடியிருந்தார்கள். நகரம் எரிந்தது. உச்சித் தளத்தில் விழுந்த தீக்குண்டு வெடிக்கவில்லை. 1995ஆம் ஆண்டு ஹான்ஷின் பெருநிலநடுக்கத்திலும் கோபுரத்துக்குப் பெருஞ்சேதம் இல்லை.

1993இல் ஹோர்யூ-ஜி கோயில் வளாகத்துடன் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று. ஜப்பானின் முதல் பண்பாட்டுச் சின்னங்கள் இவ்விரண்டுமே. ரயில் நிலையத்திலிருந்து நேர்சாலையில் கால்மணி நேர நடை. உள்ளே காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். படிகள் ஏணிபோல் செங்குத்தானவை, இறங்கும்போது கைப்பிடியை விடக்கூடாது. அத்தனையும் ஏறினால் உச்சியில் இருப்பது அரியணை மண்டபமன்று, ஒசாகபே தெய்வத்தின் சிறு கோயில்.

கடைசியாக நடந்த பெரும்பழுதுபார்ப்பு முடிந்து 2015 மார்ச் 27 அன்று கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டது. புதுச்சாந்து கண்ணைப் பறித்தது. 'இது வெண்கொக்கு அல்ல, மிதமிஞ்சிய வெள்ளை' என்று ஊரார் ஷிராசாகியை 'ஷிரோசுகி' ஆக்கிக் கேலி செய்தார்கள். மழையும் பூஞ்சையும் அந்தக் குறையைச் சரிசெய்து வருகின்றன.