நொய்யல் கேட்ட கணக்கு – 9: உப்பு எங்கே போகும்?

2011 ஜனவரி 28. திருப்பூரில் உள்ள சாயப்பட்டறை, சலவைப்பட்டறை அத்தனையையும் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மின் இணைப்பையும் துண்டிக்கச் சொன்னது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளோடு பொது சுத்திகரிப்பு நிலையங்களும் நின்றன. சாயம் ஏறாத துணியைக் கட்டிங் மேசையில் போட முடியாது; கட்டிங் இல்லையென்றால் பவர் டேபிளில் உட்காருபவருக்குக் கூலி இல்லை. ஆர்டரைக் காப்பாற்ற, துணியை லாரியில் ஏற்றி வெளிமாநிலங்களுக்கு அனுப்பினார்கள் ஏற்றுமதியாளர்கள்.

நீதிமன்றம் அவசரப்பட்டுவிட்டதா? ஊருக்குள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சென்ற வாரம் ஒரத்துப்பாளையத்தில் நின்றோம். ஈரோடு, கரூர் மாவட்ட வயல்களுக்காக நொய்யல் ஆற்றில் கட்டி 1992-இல் முடிந்த அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியதைப் பார்த்தோம். பாசனத்துக்குக் காத்திருந்த விவசாயிகளே, 'அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள்' என்று கேட்க வேண்டிய நிலை. கிணறு உப்பாகி, தென்னை காய்ந்த பிறகுதான் அவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள்.

இந்த வழக்கின் உண்மையான எதிரி நிறமில்லை, உப்பு. தண்ணீரில் நனைந்த பருத்தி இழையும் ரியாக்டிவ் சாயமும் ஒரே மின்தன்மை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். சாயத்தை இழையோடு சேர்த்துவைக்க உப்பைக் கொட்ட வேண்டும். வேலை முடிந்ததும் துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்ட உப்பெல்லாம் கழிவுநீரோடு வெளியே வரும். 1990-களின் பிற்பகுதியில் வந்த சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தைத்தான் எடுத்தன. தெளிந்த நீர் ஆற்றில் ஓடியது, உப்பு கரைந்தபடியே.

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது: 2007 ஜூலை 31-க்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது. அதுவரை லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறும் அபராதம். பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் அதே பதில். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை, 1996-இல் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. ஆக, 2011 உத்தரவு திடீரென்று வந்ததல்ல. ஆண்டுக்கணக்கில் கொடுத்த அவகாசம் தீர்ந்துபோன நாள் அது.

அவகாசத்தில் சும்மா இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. வங்கிக்கடன் வாங்கி, நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சாதனங்களைப் போட்டார்கள். தண்ணீரில் பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பியது. மிஞ்சிய அடர்ந்த உப்புக்கரைசலில்தான் சிக்கல். அதை ஈவாபரேட்டரில் காய்ச்சி உப்பாக்க வேண்டும். காய்ச்ச எரிபொருள், மின்சாரம் என்று செலவு ஏற, இயந்திரங்களும் சொன்ன அளவுக்கு ஓடவில்லை.

இன்று வெளிநாட்டு பையர்களிடம் திருப்பூர் பெருமையோடு சொல்லும் கழிவுநீர் வெளியேற்றாத சாயத்தொழிலை முதலில் கேட்டவர்கள் கடைமடை விவசாயிகள். அந்தப் பெருமையில் அவர்களுக்குப் பங்கு உண்டு. மேடைகளில் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பணம் வரும், சரி. உப்பு எங்கே போகும்?

பல்லடம் சாலை அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில், தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் வேறு வழி சொன்னார்கள். பட்டறைக்காரர் தினமும் காசு கொடுத்து உப்பு வாங்குகிறார். கரைசலிலிருந்து நிறத்தை மட்டும் பிரித்துவிட்டு, அந்த உப்புநீரை அவருக்கே கொடுத்தால் என்ன?

கணக்கு சரிதான். ஆனால் ஷேட் கொஞ்சம் மாறினாலும் பையர் ஆர்டரைத் திருப்பிவிடுவார். கழிவிலிருந்து வந்த உப்புநீரைத் தன் டையிங் மெஷினில் ஊற்ற எந்த முதலாளி முன்வருவார்? ஊற்றினால் நிறம் நிற்குமா?

அடுத்த வாரம் அருள்புரம் போவோம்.