கண்ணாடித் தொழிலும் கண் காப்பும்

மனிதனின் பார்வைக்குக் கண்ணாடி செய்த உதவி பெரிது. முதுமையில் எழுத்து மங்கியோருக்கு அது மூக்குக்கண்ணாடியாயிற்று. வானத்துக் கோள்களைத் தொலைநோக்கியின் வழியாகவும், கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளை நுணுக்குக்காட்டியின் வழியாகவும் காட்டிற்று. ஆயினும், அக்கண்ணாடியை உருக்கி உருவாக்கிய தொழிலாளருட் பலர் நடுவயதிலேயே தம் பார்வை மங்கப் பெற்றனர். அவர்தம் கண்ணையும் முகத்தையும் காக்கும் வழி எவ்வாறு அறியப்பட்டது என்பது, தொழில் வரலாற்றுக்கும் விஞ்ஞான வரலாற்றுக்கும் பொதுவான ஒரு செய்தியாகும்.

கண்ணாடித் தொழில் இருவகைப்படும். பெரிய உலையிலே கண்ணாடிக் குழம்பைக் காய்ச்சி, இரும்புக் குழலின் நுனியில் எடுத்து ஊதுவது ஒருவகை. முன்னரே செய்த கண்ணாடிக் கோலையும் குழாயையும் ஒரு விளக்கின் சுவாலையில் இளக்கி, மணிகளும் கருவிகளும் சிற்றுருவங்களும் செய்வது மற்றொருவகை. முதலாவதில் பலர் கூடி உலையின் முன் நின்று உழைப்பர். இரண்டாவதில் தொழிலாளி ஒருவன் தனியே மேசையின் முன் அமர்ந்து, சுவாலைக்கு ஒரு முழத் தூரத்தில் முகத்தை வைத்து, இமை கொட்டாது வேலையில் ஈடுபடுவான். பண்டை நாளில் அவன் பயன்படுத்தியது எண்ணெய் விளக்கு; அதன் சுவாலையைக் கூராக்கக் காலால் மிதிக்கும் துருத்தி துணைநின்றது.

விளக்குத் தொழிலிற் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று ஜேர்மனியின் தூரிங்கியப் பகுதியிலுள்ள லௌஷா. 1597 ஆம் ஆண்டிலே அங்கே கண்ணாடி உலை நிறுவப்பட்டது. 1835 இல் லுட்விக் முல்லர் ஊரி என்பார் அவ்வூரிலே கண்ணிழந்தோருக்கான செயற்கைக் கண்களைச் செய்யத் தொடங்கினார். பிறர் முகத்துக்குக் கண் செய்து கொடுத்தவர்கள், தம் கண்ணைத் தீயின் முன் வைத்தே அதனைச் செய்தனர்.

தீயை நோக்கி உழைப்போரின் கண்ணுக்குக் கேடு வரும் என்பது புதிதாகக் கண்ட உண்மையன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ இரமசினி, 1700 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலிலே, கண்ணாடி செய்வோரின் கண்கள் உருகிய பொருளை ஓயாது நோக்குவதால் துன்புறுவதைக் குறித்துள்ளார். நோயாளியிடம் அவன் செய்யும் தொழில் யாது என வைத்தியர் கேட்டறிதல் வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. ஆனால் கேடு விளைவிப்பது யாது என்று கூற அக்காலத்து அறிவு போதவில்லை. கண்ணைக் கூசச் செய்யும் ஒளியே கண்ணைக் கெடுக்கும் என்று எண்ணுவது இயல்பன்றோ?

அவ்வெண்ணம் முழுவதும் சரியன்று என்பதற்கான முதற் குறிப்பு, மருத்துவத்திலிருந்து வரவில்லை, வானியலிலிருந்து வந்தது. 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல், ஞாயிற்றின் ஒளியை முப்பட்டகத்தாற் பிரித்து, நிறந்தோறும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தோன்றாத இடத்திலே வெப்பம் மிகுந்திருந்தது. இவ்வாறு செந்நிறக்கீழ்க் கதிர்கள் அறியப்பட்டன. அடுத்த ஆண்டிலே, ஜேர்மனியரான ரிட்டர், ஊதா நிறத்துக்கு அப்பாலும் காணாக் கதிர்கள் உண்டெனக் கண்டார். ஒளிக்கு இரு மருங்கிலும் காணாத கதிர்கள் உள என்பது தெளிவாயிற்று. ஆயினும் அவ்வறிவு கண்ணாடி உலையின் வாயிலை அடைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

இதனிடையே தொழிலாளரின் நிலை மருத்துவரின் கவனத்துக்கு வந்தது. 1886 இல் மேய்ஹோஃபர் என்னும் ஜேர்மன் மருத்துவர், கண்ணாடி ஊதுவோரிடையே கண்புரை இளவயதிலேயே தோன்றுவதை எடுத்துக்காட்டினார். உலையின் பக்கமாகத் திரும்பியிருக்கும் இடக்கண்ணிலே அது மிகுதியாகக் காணப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகர மருத்துவர் வில்லியம் ரொபின்சன், போத்தல் செய்வோரிடம் அதே நோயைக் கண்டு எழுதினார். தொழிற்சாலைகளின் மருத்துவப் பரிசோதகரான தோமஸ் லெக்கும் இதனை ஆராய்ந்தார். அதன் பயனாக, 1908 ஆம் ஆண்டளவில் கண்ணாடித் தொழிலாளரின் கண்புரை, நட்டஈட்டுக்குரிய தொழில் நோய்களின் வரிசையிலே இடம்பெற்றது. தொழிலாளி ஒருவனின் பார்வை மங்கியமை அவன் விதியன்று, அவன் செய்த வேலையின் விளைவு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட நாள் அது.

நட்டஈடு இழப்பை ஈடுசெய்ய முயலும்; பார்வையை மீட்டுத் தாராது. ஆதலின் தடுக்கும் வழியை நாடி இலண்டன் அரச சங்கம் ஒரு குழுவை அமைத்தது. தாலியம் என்னும் மூலகத்தை 1861 இற் கண்டறிந்த சேர் வில்லியம் குரூக்ஸ் அக்குழுவின் ஆராய்ச்சியை மேற்கொண்டார். பல உலோகங்களின் சேர்மங்களை வெவ்வேறளவிற் கலந்து, 300 இற்கு மேற்பட்ட கண்ணாடி வகைகளை உண்டாக்கி, எது எக்கதிரை மறிக்கின்றது என்று அளந்தார். சீரியம் கலந்த கண்ணாடி ஊதா கடந்த கதிர்களை விழுங்கிற்று; தக்க நிலையிலுள்ள இரும்பு கலந்த பசிய கண்ணாடி வெப்பக் கதிர்களைத் தடுத்தது. 1914 இல் இம்முடிவுகள் வெளியானபோது குரூக்ஸ் எண்பது வயதைக் கடந்திருந்தார்.

வெப்பம் புரையை உண்டாக்கும் வழி யாது என்பதில் அறிஞரிடையே பிணக்கு நீடித்தது. சுவிற்சர்லாந்தின் வோக்ட், கதிர்களைக் கண்ணின் வில்லையே நேராக ஏற்றுக் கெடுகின்றது என்றார். அந்நாட்டவரான கோல்ட்மன், கதிராளி வெப்பத்தை ஏற்று அருகிலுள்ள வில்லையைச் சூடாக்குகின்றது என்றார். கொள்கை எதுவாயினும், வெப்பம் கண்ணை அடையாது தடுத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே உலையின் அபாயம் மேசையையும் நெருங்கிற்று. 1915 இல் விற்பனைக்கு வந்த பைரெக்ஸ் போன்ற போரோசிலிக்கேற்றுக் கண்ணாடி, எளிதில் இளகுவதன்று. அதற்கு எரிவாயுவும் ஒட்சிசனும் கலந்த கடுஞ்சுவாலை வேண்டும். அத்துடன், சுவாலையிற் பட்ட கண்ணாடியிலுள்ள சோடியம் மஞ்சள் ஒளியைப் பாய்ச்சி வேலையையே மறைத்துவிடும். அதனை நீக்க உதவியது டிடிமியம். சுவீடனைச் சேர்ந்த மொசாண்டர் 1841 இல் அதனை ஒரு மூலகமெனக் கொண்டு, இரட்டை என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1885 இல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக், அது மெய்யாகவே இரு மூலகங்களின் கலப்பு எனக் காட்டினார். டிடிமியம் கலந்த மூக்குக்கண்ணாடி அம்மஞ்சள் ஒளியை விழுங்கிவிடும். அதனை அணிந்தவனுக்குச் சுவாலை ஏறக்குறைய மறைந்து, இளகிய கண்ணாடி தெளிவாகத் தோன்றும்.

இங்கேதான் ஏமாற்றமும் உண்டு. கூச்சம் நீங்கியதால் ஆபத்தும் நீங்கிற்று என்று தொழிலாளி எண்ணக்கூடும். டிடிமியமோ செந்நிறக்கீழ்க் கதிர்களைப் போதிய அளவு தடுப்பதில்லை. கண்ணைக் கூசச் செய்த மஞ்சள் ஒளி பெரும்பாலும் வேலைக்கு இடையூறு. கண்ணுக்குத் தோன்றாத வெப்பமே பார்வைக்குப் பகை. எனவே கடுஞ்சுவாலையிலும் பெரிய பொருள்களிலும் வேலை செய்வோர், வெப்பக் கதிரையும் மறிக்கும் பசிய கண்ணாடியை டிடிமியத்துடன் சேர்த்து அணிகின்றனர். படிகக் கண்ணாடியை உருக்குவோருக்கு, அது வீசும் பேரொளியின் பொருட்டும் ஊதா கடந்த கதிர்களின் பொருட்டும் இன்னும் கருமையான காப்பு வேண்டும்.

கண்ணைக் காத்தால் மட்டும் போதாது. நெடுநாள் வெப்பம் பட்ட தோலிலே செம்பழுப்பான படை தோன்றும். சூடேறும்போது வெடிக்கும் கண்ணாடித் துண்டு கன்னத்திலும் தெறிக்கும். ஆதலால் முகம் முழுவதையும் மூடும் கவசமும் பக்கக் காப்புள்ள மூக்குக்கண்ணாடியும் ஏற்பட்டன. இவற்றோடு செலவில்லாத காப்பு ஒன்றும் உண்டு, அது தூரம். சிறிய சுவாலையிலிருந்து முகத்தை இருமடங்கு விலக்கினால், முகத்தில் விழும் வெப்பக் கதிர் ஏறக்குறைய நாலிலொன்றாகக் குறையும்.

இரமசினி குறித்துவைத்த துன்பத்துக்கும் குரூக்ஸ் கண்ட காப்புக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கழிந்தது. அத்தனை தலைமுறையினரும் தீயின் முன் அமர்ந்து, பிறர் வீட்டு விளக்குக்கும் பிறர் கண்ணுக்கும் கண்ணாடி செய்தனர். இன்று காப்புக் கண்ணாடியை மேசை மீது வைத்துவிட்டு வெறுங்கண்ணுடன் சுவாலையை நோக்குகின்றவன், அவர்கள் தம் பார்வையை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவைப் புறக்கணிக்கின்றான்.